மூணாவது கொக்கி

தட்டாதீங்க தம்பி. தட்டினா தொறக்க மாட்டா. பன்னெண்டுன்னா பன்னெண்டுதான் அவளுக்கு. ஒருதடவை கொட்டுற மழையில பாதிரியார் நின்னு தட்டினாரு. மாடி ஜன்னலைத் தொறந்து, உங்க சர்ச்சுல பத்து மணிப் பூசைக்கு ஒம்போதரைக்கே வந்தா உள்ள விடுவீங்களான்னு கேட்டா. விடுவேம்மான்னாரு அவரு. அப்ப அங்க போய் நில்லுங்கன்னு சொல்லிட்டு ஜன்னலை மூடிட்டா. இன்னும் அரைமணி நேரம் இருக்கு. ரோட்டைத் தாண்டி இப்படி வாங்க, இந்த பஸ் ஸ்டாப்புல உக்காருங்க. தூறல்தானேன்னு நிக்காதீங்க, இந்த மலைத் தூறல் மெதுவாத்தான் ஆரம்பிக்கும், அப்புறம் எலும்பு வரைக்கும் போயிரும்.

உக்காருங்க. அந்த ஓரம் வேணாம், கூரை ஒழுகுது. இந்தப் பக்கம். இங்கேர்ந்து அந்த பியர்க்கடை, பப்பு, நல்லாத் தெரியும், கதவு தொறந்தா உங்களுக்குத்தான் முதல்ல தெரியும். பலகையில கெடாவைப் பார்த்தீங்களா? கருங்கெடான்னு பேரு. ஒரு கண்ணு ரோட்டைப் பாக்குது, ஒரு கண்ணு ஆத்தைப் பாக்குது. வரைஞ்சவன் கூலிக்குப் பதிலா பியரா வாங்கிக்கிட்டான். முதல் கண்ணைக் காலையில போட்டான், ரெண்டாவதைச் சாயங்காலம் போட்டான். மாத்தி வரையலாம்னு ஊர்ல சொன்னாங்க. இந்தக் கெடாவுக்கு என்ன கொறைச்சல், ரெண்டு பக்கமும் ஆளு வராங்களான்னு பாக்குதுன்னு சொல்லிட்டா தெல்மா. பப்புக்காரி பேரு தெல்மா.

சட்டைப் பையில நோட்டு நீட்டிக்கிட்டு இருக்கும்போதே நெனச்சேன். பியரு பேரு எழுதற ஆளுதானே நீங்க? தபால்தலை சேக்கறவன் இருக்கான், ரயில் எஞ்சின் நம்பரை எழுதறதுக்குப் பாலத்து மேல நாளெல்லாம் நிக்கறவன் இருக்கான், உங்களை மாதிரி ஊர் ஊரா பஸ் ஏறி இறங்கி, குடிச்ச பியரை நோட்டுல ஏத்தறவங்களும் இந்த நாட்டுல இருக்கத்தான் இருக்காங்க. எத்தனை ஆச்சு? ... நாலாயிரத்து முந்நூத்திப் பன்னெண்டா? அடேயப்பா. நீங்க குடிக்கறீங்களா, மக்கள்தொகைக் கணக்கு எடுக்கறீங்களா? ... எல்லாமே அரை கிளாஸ்தானா? அது சரி. சின்ன பாட்டில்ல ஊத்தி வீட்டுக்குக் கொண்டுபோற பழக்கம் இல்லையே? ... பையிலயே இருக்கா? உள்ள போனப்புறம் அதை வெளிய எடுக்காதீங்க. என்ன, ஆஸ்பத்திரியில குடுக்கவா எடுத்துட்டுப் போறீங்கன்னு நாலு பேரு முன்னால கேட்டுருவா.

நான் நார்மன். நாப்பது வருஷம் இந்தப் பள்ளத்தாக்குல தபால்காரன். ஏழு கிராமம், பதினோரு பப்பு. நோட்டெல்லாம் கெடையாது, எல்லாம் இங்க, நாக்குல. ஒரு வாய் வெச்சா போதும், போன வாரம் குழாயைக் கழுவினாங்களா, சும்மா தண்ணி ஓட்டினாங்களான்னு சொல்லிருவேன். பீப்பாயை இறக்கும்போது படியில இடிச்சுதா இல்லையான்னு சொல்லிருவேன். இதை நான் பீத்திக்கலை தம்பி. இந்தப் பக்கம் யாரை வேணாலும் கேளுங்க. நார்மன் நாக்குன்னா கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி, அதுக்கு மேல அப்பீல் கெடையாது.

கூட வர்றதா? நானா? இல்லைங்க, நான் உள்ள வர மாட்டேன். ... டாக்டர் ஒண்ணும் சொல்லலை, கல்லீரல் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. தெல்மா சொன்னா. ஏழு வருஷமா அந்த வாசப்படியை நான் மிதிக்கக் கூடாது. தடை. அவ தடை போட்டவங்க நாலஞ்சு பேரு உண்டு. ஒருத்தன் டார்ட்ஸ் எறியறேன்னு அவ பூனையைக் குத்தினான், அவனுக்கு மூணு மாசம். ஒருத்தன் குளிர் காயற நெருப்புலயே ஒண்ணுக்கு இருந்தான், அவனுக்கு ஒரு வருஷம். எனக்கு மட்டும் ஆயுசு.

ஆயுசுன்னா யாரு ஆயுசு, உன் ஆயுசா, தெல்மா ஆயுசா, பப்பு ஆயுசான்னு கிளிஃப் கேட்டான். கிளிஃப்னா என் கூட டாமினோ ஆடற ஆளு. அதுக்கும் இப்ப பதில் வந்துருச்சு. கதவுல ஒரு சீட்டு ஒட்டியிருக்கு பாருங்க, அதான். வர்ற சனிக்கிழமையோட தெல்மா சாவியைக் குடுத்துட்டுப் போறா. கடலோரம், விட்பிக்கு, தங்கச்சி வீட்டுக்கு. திங்கக்கிழமை புது ஆளு வரான். அவனுக்கு என்னை யாருன்னே தெரியாது, நான் ராஜா மாதிரி உள்ள போலாம். ஊர்ல எல்லாரும் அதான் சொல்றாங்க, நாலு நாளு பொறு நார்மன், உன் தண்டனை முடிஞ்சுதுன்னு. தெல்மா இல்லாத எடத்துல எனக்கு என்ன வேலைன்னு அவங்களுக்குத் தோணவே இல்லை.

இன்னைக்கு வியாழக்கிழமைதானே? ஆங். கடைசி வியாழக்கிழமை.

இல்ல, கிழமையை ஏன் கேட்டேன்னா, வியாழக்கிழமைதான் அவ புதுப் பீப்பாய் தொறக்கற நாளு. நீங்க நல்ல நாளாப் பார்த்துத்தான் வந்திருக்கீங்க. பீப்பாய் பியருன்னா உசுருள்ள சாமான், உங்களுக்குத் தெரியாததா. நிலவறையில படுக்க வெச்சு, மேல மரத்தக்கையை அடிச்சு, மூச்சு விடட்டும்னு ரெண்டு நாள் விட்டுறணும். அவசரப்பட்டா கலங்கல், அசந்தா புளிப்பு. தெல்மா அவசரப்படவும் மாட்டா, அசரவும் மாட்டா. ராத்திரி குழாய்ல தங்கின பியரை மத்தவங்க முதல் ஆளு தலையில கட்டிருவாங்க. இவ ரெண்டு பைண்ட், அதாவது ரெண்டு முழு கிளாஸ், இழுத்துக் கீழே கொட்டிட்டுத்தான் முதல் கிளாஸையே எடுப்பா. அதைப் பாக்கறதுக்கே நான் சீக்கிரம் போவேன்.

நீங்க தெக்கத்தி ஆளுதானே? பேச்சுலயே தெரியுது. அப்ப ஒண்ணு சொல்லிர்றேன். இவ நுரை கட்டித்தான் குடுப்பா, மீசையில ஒட்டற மாதிரி. உங்க ஊர்ல சப்பையா, குட்டைத் தண்ணி மாதிரி விளிம்பு வரைக்கும் ஊத்துவாங்க, அதை இங்க வந்து கேக்காதீங்க. லண்டன்லேர்ந்து வந்த ஒருத்தரு, பாதி கிளாஸ் நுரையா இருக்கேம்மான்னாரு. அப்படியா, பாதிதானா, இருங்கன்னு கிளாஸை வாங்கி, நுரையைக் கரண்டியால அள்ளி ஒரு கிண்ணத்துல போட்டு, இதைத் தனியாச் சாப்பிடுங்கன்னு குடுத்தா. அந்த ஆளு சாப்பிட்டாரு. சாப்பிட்டு சாரியும் சொன்னாரு.

எதுக்கு தடையா? சொல்றேன். அதுக்குத்தானே உக்காந்திருக்கேன். மணி இப்ப என்ன? ... சரி, நேரம் இருக்கு.

அவ புருஷன் செத்துப்போயி பப்பைத் தனியா எடுத்து நடத்த ஆரம்பிச்ச புதுசு. அப்பலேர்ந்து ஒரு வழக்கம். வியாழக்கிழமை காலையில தபால் பையோட நான் உள்ள போவேன், எனக்கு மட்டும் பன்னெண்டு மணிக் கணக்கு கெடையாது. பியரு இழுக்கற பம்பு கைப்பிடியில சின்னப் பலகை மாட்டியிருக்கும்ல, பியரு பேரு போட்டது, அது முதுகைக் காட்டிக்கிட்டு இருக்கும், இன்னும் தயாரில்லைன்னு. அரை கிளாஸ் புடிச்சு என் முன்னால வெப்பா. நான் வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டுக் குடிப்பேன். அவ பியரைப் பாக்க மாட்டா, என் மூஞ்சியைப் பாப்பா. நான் தலையாட்டினேன்னா பலகையை முன்பக்கம் திருப்புவா. அவ்வளவுதான், நல்லாருக்கு நல்லால்லைன்னு ஒரு வார்த்தை பேசிக்கிட்டது கெடையாது. பதினாறு வருஷம். ரிட்டயர் ஆனப்புறமும் போனேன், தபால் பை இல்லாம. ... டியூட்டியில குடிக்கலாமான்னா? அது குடிக்கறது இல்ல தம்பி, பொதுச்சேவை.

அப்படி ஒரு வியாழக்கிழமைதான். இந்த பியர்ச் சங்கத்துக்காரங்க வருஷா வருஷம் ஜில்லாவுல நல்ல பப்பு எதுன்னு பொறுக்கி எடுத்துப் பட்டயம் குடுப்பாங்கள்ல? அந்த வருஷம் கடைசி ரவுண்டுல ரெண்டே ரெண்டு. ஒண்ணு கருங்கெடா, இன்னொண்ணு அதோ மேட்டு மேல இருக்கற மூணு லாடம். மூணு லாடத்தைப்பத்தி நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லை. ஏழு வருஷமா அங்கதான் குடிக்கறேன். அதுவே அவங்களுக்குப் போதுமான கெட்ட பேரு.

பட்டயம்னா சும்மா இல்ல. நோட்டை வெச்சுக்கிட்டு உங்களை மாதிரி ஆளுங்க நாடு பூரா இருந்து வருவாங்க. பப்பு யாருக்குச் சொந்தமோ அந்தக் கம்பெனிக்காரன், பட்டயம் வாங்கு, கூரையை மாத்தித் தரேன்னு சொல்லியிருந்தான். அவ படுக்கற எடத்துல நாலு வாளி வெச்சு ஒழுகுற தண்ணியைப் புடிச்சுக்கிட்டு இருந்தா. ஆறு மாசமா அந்த ஒரு நாளைத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தா. தரையைத் தேய்ச்சா, பித்தளையைத் தேய்ச்சா, பூனையைக்கூடத் தேய்ச்சிருப்பா, அது ஓடிப்போச்சு.

மூணு பேரு வந்தாங்க. ஒரு கணக்கு வாத்தியாரு, ஒரு லைப்ரரிக்காரம்மா, ஒரு பல் டாக்டரு. நல்ல மனுஷங்க. வழக்கம்போல நார்மன் பார்க்கட்டும், அப்புறம் நாங்க பார்க்கறோம்னாங்க. எனக்கு ஒரே பெருமை. சும்மா சொல்லக் கூடாது, அன்னைக்கு நானும் ஜோராத்தான் போயிருந்தேன். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்துல டை. கிளிஃப் பார்த்துட்டு யாரு செத்துட்டாங்கன்னு கேட்டான்.

தெல்மா புடிச்சு வெச்சா. தூக்கிப் பார்த்தேன். தேன் கலரு, அப்படி ஒரு தெளிவு, அந்தப் பக்கம் உக்காந்திருந்த வாத்தியாரு டையில இருக்கற புள்ளியை எண்ணலாம். ஒரு வாய் குடிச்சேன். நிறுத்தினேன். இன்னொரு வாய் குடிச்சேன். அவ என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருக்கா. தலையாட்டணும்ல நான்? ஆட்டலை. தெல்மா, இது வினிகராப் போச்சுன்னேன்.

கூசாம சொன்னேன் தம்பி. நல்லா சத்தமா. நாக்கு நேர்மையா இருக்கணும்ல, அவளா இருந்தா என்ன, எவளா இருந்தா என்னன்னு ஒரு திமிரு.

மத்த மூணு பேரும் வாங்கிக் குடிச்சுப் பார்த்தாங்க. வாத்தியாரு, ஆமா, கடைசியில ஒரு புளிப்பு வருதுன்னாரு. அந்தம்மா, கடைசியிலயா, எனக்கு எடுத்ததுமே வந்துச்சேன்னாங்க. பல் டாக்டரு வாயைச் சப்புக்கொட்டிட்டு, ம்ம், சந்தேகமே இல்லைன்னாரு. கிளிஃப் இன்னைக்கும் சத்தியம் பண்ணுவான், நானும் குடிச்சேன், தொண்டை எரிஞ்சுதுன்னு. அவன் அன்னைக்கு வாசல்ல என்னைப் பார்த்துட்டு நேரா பஸ் ஏறி மக வீட்டுக்குப் போனவன்.

தெல்மா தானும் ஒரு வாய் குடிச்சா. மெதுவாக் குடிச்சா. ஒண்ணுமில்லையே நார்மன், நல்லாத்தானே இருக்குன்னா. அவ குரலு அவ்வளவு சின்னதா நான் கேட்டதே இல்லை. இன்னொருதடவை குடிச்சுப் பாருன்னா. அப்பவாவது நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும். என் நாக்கு பொய் சொல்லாது தெல்மான்னேன்.

அவ கிளாஸைக் கீழ வெச்சா. நிலவறைக்குள்ள இறங்கினா. சந்தேகப்பட்ட பியரை வித்தேன்னு ஒருத்தன் சொல்லிறக் கூடாது, அது அவ வைராக்கியம். பீப்பாய்ல எழுபத்திரண்டு பைண்ட். வாளி வாளியாப் புடிச்சு, படியேறி, எங்க எல்லாருக்கும் நடுவுல நடந்து, கொல்லைப்பக்கம் சாக்கடையில கொட்டினா. யாரும் ஒத்தாசைக்கு எழுந்திருக்கலை. நான் ஒரு வாளியைப் புடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டுட்டா. எல்லாத்தையும் கொட்டி முடிச்சு, கையைத் தொடைச்சு, பம்புல பலகையை முதுகு காட்டித் திருப்பினா. அப்புறம் என்கிட்ட வந்து சொன்னா. அந்த நாக்கை எடுத்துக்கிட்டு வெளிய போ நார்மன். இனிமே இங்க வராதே.

பட்டயம் மூணு லாடத்துக்குப் போச்சு. கூரை அப்படியேதான் இருக்கு, நிமிந்து பாருங்க, நீலத் தார்ப்பாய் தெரியுதா? ஊர்ல பாதிப்பேரு அவ பக்கம், பாதிப்பேரு என் பக்கம். என் பக்கத்துக்காரங்க என் மேல இருக்கற மரியாதையில மேட்டுக்கு ஏறிப் போயிக் குடிச்சாங்க. அவங்க கொஞ்ச நாள் கழிச்சுத் திரும்பி வருவாங்கன்னு பார்த்தேன். வரலை. மூணு லாடத்துல டிவியில ஃபுட்பால் போடறான். அப்படியே ஏழு வருஷம் ஓடிப்போச்சு, இப்ப தங்கச்சி வீட்டுக்குப் போறா.

நேரமாச்சா? ... இன்னும் எட்டு நிமிஷமா? சரி. தம்பி, உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும். உள்ள போனீங்கன்னா பாருக்கு மேல ஒரு உத்தரம் இருக்கு, அதுல ஏழு கொக்கி. வாடிக்கைக்காரங்க சொந்தக் குவளை தொங்கும். இடதுபக்கத்துலேர்ந்து மூணாவது, ஈயக் குவளை, கைப்பிடியில ஒரு நெளிவு. அது என்னோடது. இங்கேர்ந்து பாருங்க, நடு ஜன்னலு, விளக்குக்குப் பக்கத்துல, தொங்கற மாதிரி தெரியுதா? ... தெரியுதுல்ல? எனக்கும் தெரியுது. இந்த பெஞ்சுல இந்த எடத்துல உக்காந்தாத்தான் தெரியும். பஸ்ஸுக்கு நிக்கறேன்னு ஊர்ல நெனச்சுக்கறாங்க. ஏழு வருஷமா ஒரு பஸ்ஸும் நான் ஏறலை, அதை எவனும் கவனிக்கலை.

தடை போட்டா, குவளையைக் கையில குடுத்துத்தான் அனுப்புவாங்க. அதுதான் வழக்கம். பூனையைக் குத்தினவனுக்கே குடுத்து அனுப்பினா. எனக்குக் குடுக்கலை. மறந்துட்டாளா, வேணும்னே வெச்சிருக்காளா, அதுதான் எனக்குத் தெரியலை. நீங்க ஒண்ணு பண்ணுங்க. பியரை வாங்கிட்டு, சும்மா நிமிந்து பாக்கற மாதிரி அந்தக் குவளையைப் பாருங்க. தூசி படிஞ்சிருந்துச்சுன்னா ஒண்ணும் பேசாதீங்க. குடிங்க, நோட்டுல எழுதிக்கங்க, அடுத்த பஸ்ஸைப் புடிங்க. தொடைச்சு வெச்சிருந்தான்னா மட்டும் ஒரு வார்த்தை சொல்லணும். சில நேரம் இங்கேர்ந்து பார்த்தா மினுக்கற மாதிரித்தான் இருக்கு. ஆனா வெயில் பட்டா எதுதான் மினுக்காது.

கிளிஃப் கிட்ட கேக்கறதா? நல்லாச் சொன்னீங்க. அவன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா அஞ்சு நிமிஷத்துல கசாப்புக் கடைக்குப் போயிரும், பத்து நிமிஷத்துல பாதிரியார் அதை வெச்சுப் பிரசங்கமே பண்ணிருவாரு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வெளியூர் ஆளா வேணும். நோட்டும் கையுமா ஒருத்தன் வரட்டும்னுதான் திங்கக்கிழமைலேர்ந்து காத்துக்கிட்டு இருக்கேன். செவ்வாய்க்கிழமை ஒருத்தன் வந்தான், அவன் கோலா குடிக்கற ஆளு.

எதுக்கு இப்பவும் அதே வீம்புன்னு கேக்கறீங்களா? வீம்பு இல்லைங்க. ... புளிச்சுதா இல்லையான்னு நேரா கேக்கறீங்க. புளிச்சுது. வினிகர் இருந்துச்சு, அதுல சந்தேகமில்லை. பியர்லதான் இல்லை.

அன்னைக்கு வீட்டுக்குப் போயி டீ போட்டேன். டீ புளிச்சுது. கேக்கை எடுத்துக் கடிச்சேன், கேக்கும் புளிச்சுது. குழாயைத் தொறந்து பச்சைத்தண்ணி குடிச்சேன், அதுவும் வினிகர். ஒரே நாள்ல இங்கிலாந்து பூராவும் கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன் தம்பி. அப்புறம்தான் பல்செட்டைக் கழட்டி வெச்சுட்டு ஒரு வாய் குடிச்சேன்.

புதுப் பல்செட்டு. அதுக்கு முந்தின வாரம்தான் கட்டினது. ராத்திரி வினிகர்ல ஊறப்போட்டா பளிச்சுன்னு வெள்ளை வெளேர்னு இருக்கும்னு மீன் சிப்ஸ் கடைக்காரன் சொன்னான், ஒரு பாட்டிலும் குடுத்தான். ஊறப்போட்டேன். காலையில தண்ணியில ஒருதடவை அலசினேன், ஒரே ஒருதடவை. வேற ஒண்ணும் சாப்பிடலை, நேரா இங்கதான் வந்தேன். முதல் வாய் அவ பியரு. தவளை தன் வாயால கெடும்பாங்க, நான் கெட்டதோட நிக்காம அவளையும் சேத்துக் கெடுத்தேன். பல் டாக்டரு என் தோள் இடிக்கற தூரத்துல உக்காந்திருந்தாரு, அவருக்கே தெரியலை.

அன்னைக்கு சாயங்காலமே ஓடி வந்து சொல்லியிருக்கணும். சொல்லலை. காலையில சொல்லலாம்னு விட்டேன். காலையில, இவ்வளவு நேரம் ஏன் சொல்லலைன்னு கேப்பாளேன்னு விட்டேன். ஒரு வாரம் ஆச்சு, ஒரு மாசம் ஆச்சு. பட்டயத்தை மேட்டுல மாட்டினப்புறம் போயி, அது என் பல்லுன்னு எப்படிச் சொல்றது? நம்ம இங்கிலீஷ்காரங்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே. நம்ம காலை ஒருத்தன் மிதிச்சா நாமதான் அவன்கிட்ட சாரி கேப்போம். கதவை இடிச்சா கதவுகிட்ட கேப்போம். ஒரு நாளைக்கு அம்பது சாரி சொல்றேன் நான். சொல்ல வேண்டிய ஒரு சாரி மட்டும் ஏழு வருஷமா தொண்டையிலயே நிக்குது.

சத்தம் கேட்டுச்சா? மேல் தாப்பாளு. அது முதல்ல, கீழ்த் தாப்பாளு அப்புறம். எழுந்திருங்க, எழுந்திருங்க. பை, நோட்டு, குடை. ரெண்டு பம்பு இருக்கும், இடதுபக்கத்துல பிட்டர், லேசாக் கசக்கற பியரு, அதை வாங்குங்க. குவளையைப் பாருங்க. தூசியில்லைன்னா, வாங்கும்போது, உங்களுக்கும் ஒண்ணு எடுத்துக்கங்க, நார்மன் பேருல, அப்படின்னு சொல்லுங்க. பப்புல எல்லாரும் சொல்றதுதானே, அவளுக்கும் புரியும். இந்தாங்க, அதுக்கு இந்தக் காசை வெச்சுக்கங்க. வேணாம், வாங்கிக்கங்க. அப்புறம், வினிகரு பல்லுல இருந்துச்சாம், பியருல இல்லையாம்னு சொல்லுங்க. அப்படியே சொல்லுங்க, மெருகெல்லாம் போடாதீங்க. எல்லாரும் கேக்கற மாதிரி சத்தமாச் சொல்லுங்க. நான் அன்னைக்கு அப்படித்தான் சொன்னேன்.

அவ சிரிக்கலாம். கிளாஸைத் தூக்கி எறியலாம், தள்ளியே நில்லுங்க. கெட்டிக்காரி அவ, ஒண்ணு கேட்டாலும் கேப்பா. நாப்பது வருஷமா ஓட்டைப் பல்லோட ஊர் சுத்தினவன், அந்த ஒரு வியாழக்கிழமைக்கு மட்டும் எதுக்குப் பல்லு கட்டி, வினிகர்ல ஊறப்போட்டு, டை கட்டிக்கிட்டு வந்தான்னு கேப்பா. கேட்டா, கோட்டுப் பையில ஒரு மோதிரம் வெச்சிருந்தான்னு... இல்ல. அதைச் சொல்லாதீங்க. தெரியாதுன்னு சொல்லிருங்க. அதை நானே சொல்லிக்கறேன்.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? இங்கேர்ந்தே தெரியும். அவ நம்பினான்னா எனக்கு ஊத்தறதுக்குக் குவளையை எடுப்பா. ஏழு வருஷமா தினமும் அந்தக் கொக்கி காலியா இருந்துறக் கூடாதேன்னுதான் இங்க வந்து பாப்பேன். இன்னைக்கு அது காலியாகணும்னு உக்காந்திருப்பேன். காலியாச்சுன்னா ரோட்டைத் தாண்டி வருவேன்.

தொறந்துட்டா பாருங்க. போங்க தம்பி, போங்க. ... பல்லா? அதெல்லாம் பயப்படாதீங்க. நேத்து ராத்திரி வெறும் தண்ணியிலதான் போட்டு வெச்சேன்.